விளக்குமாறோடு காட்டுக்குப் போனவன்

முதல் நாள் நான் பார்த்த வேலையை நினைத்தால் இப்போதும் வெட்கம்தான். உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் ஒரு காட்டில் மண் மாதிரி எடுக்கப் போயிருந்தோம். இரும்புக் குழாய் இறக்க வேண்டிய இடத்தில் சருகு குவிந்து கிடந்தது. விடிந்தால் முற்றம் கூட்டுகிற வீட்டில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? ஒரு கொப்பை முறித்து, மண் தெரியத் தெரியக் கூட்டிவிட்டேன்.

வழிகாட்ட வந்த மாமா சிரித்தார். (சொந்த மாமா இல்லை. படுவான்கரையில் வயதான ஆம்பிளைகள் எனக்கு எல்லாரும் மாமாதான்.) "என்ன மருமகன், காட்டுக்கும் வாசல் கூட்டுறீங்களா?"

ஆய்வை நடத்திய சேர் சிரிக்கவில்லை. சருகோடு மேல்மண்ணும் கொஞ்சம் போய்விட்டது. ஒரு சென்ரிமீற்றர் போனாலே ஆழக் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். "விடுங்க, வேற இடம் பார்ப்போம்" என்றார். அந்த வெயிலில் இன்னும் முந்நூறு யார் தூரம் நடந்தோம்.

நான் மண் ஆய்வுகூட உதவியாளன். வயல் மண், உவர், பொட்டாசியம் என்று காலம் போனது. அந்த ஆய்வுக்கு வேண்டியிருந்தது சீசியம்-137 என்ற கதிர்வீசும் பொருள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் ஆகாயத்தில் வெடித்த அணுகுண்டுகளின் தூசியோடு அது உலகம் முழுக்க மழையில் இறங்கியது. 1963ஆம் ஆண்டையொட்டித்தான் உச்சம். நம் பக்கம் விழுந்தது குறைவு, ஆனால் விழுந்தது. இதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய எடுக்கிற காலம், ஏறக்குறைய 30 வருடம். அப்போது விழுந்ததில் இன்று மிஞ்சியிருப்பது கால்வாசிதான்.

சீசியம் களித் துகளைப் பிடித்தால் லேசில் விடாது. அதனால் மண் எங்கே போகிறதோ அதுவும் கூடவே போகும். யாரும் கை வைக்காத காட்டில் அது மேல் பத்துப் பதினைந்து சென்ரிமீற்றருக்குள் நின்று, கீழே போகப் போகக் குறையும். உழுத நிலத்தில் உழவு போன ஆழம் வரை ஒரே சீராகக் கலந்திருக்கும். காட்டில் இருப்பதை விடச் சேனையில் (காடு வெட்டிப் பயிர் செய்கிற மேட்டு நிலத்தில்) மொத்த அளவு குறைந்திருந்தால், அவ்வளவு மண்ணை மாரி மழை கொண்டுபோயிருக்கிறது. எங்கள் ஆய்வு அதுதான்.

மத்தியானம் பாலை மரத்தடியில் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபோது சேர் ஜப்பான் கதை சொன்னார். புகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தது 2011 மார்ச்சில். இலை உதிர்க்கிற மரங்கள் அப்போது மொட்டையாக நின்றன, தூசி நேரே சருகில் விழுந்தது. பச்சையாக நின்ற சுகி என்ற ஊசியிலை மரங்களோ அதை உச்சியிலேயே பிடித்து வைத்துக்கொண்டன. பிறகு மழை கழுவக் கழுவ, பழைய இலை உதிர உதிர, வருடக் கணக்கில் அதுவும் கீழே வந்தது. வந்த பிறகும் காடு அதை வெளியே விடுவதில்லை. சீசியம் பொட்டாசியத்தைப் போலவே நடக்கும், வேருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கொஞ்சம் மரத்துக்குள் ஏறும், இலையாக விழும், மக்கும், திரும்ப ஏறும்.

காளான்தான் இதில் பேராசைக்காரன். ஜேர்மனியின் பவேரியாவில் நிலத்தடிக் காளானைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளில், செர்னோபில் அணு உலை வெடித்து முப்பது வருடம் தாண்டியும் சீசியம் உணவுக்கான எல்லையை மீறி இருந்திருக்கிறது. அதில் குண்டுச் சோதனைத் தூசிக்கும் கணிசமான பங்கு என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். "அப்ப இஞ்சத்தப் பன்றி?" ஏன் கேட்டார் என்று நான் எழுதுவது அவருக்கு நல்லதில்லை. இங்கே உள்ளது சொற்பம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் சேர். நம் உடம்பில் இயற்கையாக உள்ள பொட்டாசியமே ஒரு விநாடிக்கு நாலாயிரம் தடவைக்குக் கிட்டக் கதிர் விடுகிறது என்றும் சொன்னார். மாமா தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துவிட்டு மீன் குழம்பை இழுத்து வைத்துக்கொண்டார்.

மாதிரிகளை இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டி, உலர்த்தி, அரித்து, கொழும்புக்கு அனுப்பினோம். இவ்வளவு குறைந்த கதிரைக் கருவியில் எண்ணி எடுக்க ஒரு மாதிரிக்கு ஒரு நாளுக்கு மேல் போகும். முடிவு வந்தபோது சேனை மண்ணில் பிழையில்லை, காட்டு மண்தான் குழப்பியது. மேலிருந்து குறைந்துகொண்டு போக வேண்டிய எண்கள் பதினெட்டு சென்ரிமீற்றர் வரை ஒரே மட்டமாக நின்றன. முதலில் என் கைதான் எங்கேயோ கலந்துவிட்டது என்று நினைத்தேன். ஏற்கெனவே கூட்டின குற்றம் இருக்கிறதே.

அடுத்த முறை போனபோது மாமாவிடம் கேட்டேன்.

"இதில கச்சான் போட்டதுதானே, மிசின் விட்டு உழுது. தொண்ணூறில சனம் எல்லாம் இடம்பெயர்ந்திட்டு. பிறகு ஆர் வந்த? காடு மூடிற்று."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே மாமா?"

"நீங்க கேட்கல்லையே. பழைய காடா எண்டு பார்த்திட்டு நீங்களே குழாயை இறக்கிட்டீங்க."

வீரையும் பாலையும் அடர்ந்து நின்ற அந்த இடத்தை நான் சுற்றிப் பார்த்தேன். எனக்குக் காடுதான் தெரிந்தது. மாமா குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பத்தடி போனதும் திரும்பாமலே சொன்னார்:

"இடப்பக்கம் வராதீங்க மருமகன். எங்கட கிணறு இருக்கு. மேல கட்டு இல்ல."