கோர்ஸ் மாறுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

'இந்தக் கோர்ஸ் எனக்குச் சரிவராது' என்று தோன்றினால், எது சரிவரவில்லை என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். பாடமா, நடத்துகிற ஆசிரியரா, விடுதியா, விழுந்த இரண்டு அரியரா? பாடம்தான் பிரச்சினை என்றால் மட்டுமே கோர்ஸ் மாற்றம் மருந்து. மற்றவை புது வகுப்புக்கும் கூடவே வந்துவிடும். கணக்குக்குப் பயந்து பொறியியலை விட்டுப் பொருளியலுக்குப் போகிறவருக்கு அங்கே கால்குலஸ் காத்திருக்கும். உளவியலில் புள்ளியியல் உண்டு. கோடிங் பிடிக்கும் என்று கணினி அறிவியலுக்கு மாறுகிறவர் முதலில் முட்டிக்கொள்வது டிஸ்கிரீட் கணிதத்தில்.

புதுத் துறையைச் சோதிக்க, சேர்க்கைக் கையேட்டின் வழவழ பக்கங்கள் உதவாது. மூன்றாம், நான்காம் செமஸ்டர் சிலபஸை எடுங்கள். கோர்ஸின் உண்மை முகம் அங்கேதான் தெரியும். அதில் ஒரு தாளின் பாடநூலில் ஓர் அத்தியாயத்தைப் படித்து, கடைசியிலுள்ள பயிற்சிக் கணக்குகளைக் கையால் போடுங்கள். தினம் இரண்டு மணி நேரம், இரண்டு வாரம். வீடியோ பார்ப்பது இதற்கு ஈடாகாது. பார்க்கும்போது எல்லாப் பாடமும் இனிக்கும். சிக்கிக்கொண்ட கணக்கை மறுநாளும் திறக்கத் தோன்றுகிறதா என்பதுதான் சோதனை.

'ஒரு வருஷம் வீணாகிவிடுமே' என்ற தயக்கம் வீட்டிலும் வரும், உங்களுக்குள்ளும் வரும். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், நாடக அரங்கின் சீசன் டிக்கெட்டை சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றுப் பார்த்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். போட்ட காசு நாடகத்தை நல்லதாக்கவில்லை, ஆளை மட்டும் இழுத்து வந்தது. போன வருஷம் மாறினாலும் போனதுதான், மாறாவிட்டாலும் போனதுதான். இனி எத்தனை செமஸ்டர் என்பதே கேள்வி. பலர் அதைத்தான் தப்பாகக் கணக்கிடுகிறார்கள்.

கிரெடிட் என்பது ஒரு தாளின் படிப்புச் சுமைக்குத் தரும் புள்ளி. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். மூன்றாண்டு இளநிலைப் பட்டம் என்றால் 180. இயற்பியலில் ஓராண்டு முடித்து கணினி அறிவியலுக்கு மாறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் 60 இருக்கிறது: கணிதம் 18, புரோகிராமிங் 6, மொழி 3, மீதி 33 இயற்பியலும் ஆய்வகமும். கணிதம், புரோகிராமிங், மொழி ஆகிய 27-ம் கட்டாயத் தாள்களுக்கு நேராக உட்காரும் என்று வையுங்கள். புதுத் துறையில் விருப்பப் பாடத்துக்கு 12 கிரெடிட் இடம்தான் என்றால், இயற்பியலின் 33-இல் 12 அதில் அடங்கும். மீதி 21 மதிப்பெண் பட்டியலில் இருக்கும், பட்டத்துக்கு உதவாது. ஆக 39 கழிய, பாக்கி 141. செமஸ்டருக்கு 30 வீதம் ஐந்து செமஸ்டர்.

இங்கேதான் ஒரு சொல் ஏமாற்றும். 'உங்கள் 60 கிரெடிட்டையும் ஏற்றுக்கொள்கிறோம்' என்று கடிதம் வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கிரெடிட்டை ஏற்பது வேறு, கட்டாயத் தாளிலிருந்து விலக்குத் தருவது வேறு. 'எந்தெந்தத் தாளை நான் மறுபடி எழுத வேண்டியதில்லை?' என்று தாள்வாரியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது சங்கிலி. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தேறினால்தான் அல்காரிதம்ஸ், அதன்பின் ஆப்பரேட்டிங் சிஸ்டம், பிறகு இறுதி புராஜெக்ட். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது என்றால், முதல் கண்ணியில் தோற்றால் பின்னால் உள்ளதெல்லாம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். மாற்ற விண்ணப்பத்துக்கான கடைசித் தேதியைத் தவறவிட்டு ஆண்டின் நடுவில் சேர்ந்தாலும் இதே கதை. முதல் கண்ணி தொடங்கும்வரை அரை ஆண்டு காத்திருப்பு. கிரெடிட் கூட்டல் ஐந்து செமஸ்டர் என்று சொல்லும், சங்கிலி ஆறு, ஏழு என்று இழுக்கும். அதனால் முன்தேவைத் தாள்களை (முதலில் தேறியாக வேண்டியவற்றை) ஒரு காகிதத்தில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். மிக நீளமான கோட்டைச் செமஸ்டர்வாரியாக எண்ணினால் உண்மையான கால அளவு கிடைக்கும்.

மனம் மாறியதும் பலர் செய்யும் பெரிய தவறு, பழைய வகுப்புக்குப் போவதை விட்டுவிடுவது. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் துறை மாற இடம் குறைவாக இருந்தால், பெரும்பாலும் இதுவரை எடுத்த மதிப்பெண்ணை வைத்துத்தான் வடிகட்டுவார்கள். பிடிக்காத பாடத்தில் எடுக்கும் மார்க்தான் பிடித்த பாடத்துக்கான நுழைவுச்சீட்டு. அபத்தம்தான், ஆனால் நடைமுறை அது. ஒரு தாளை நிச்சயம் தாண்ட முடியாது என்று தெரிந்தால், தோற்பதைவிட விலகல் தேதிக்குள் முறைப்படி விலகுவது பெரும்பாலும் நல்லது.

விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கம் போதும். பழைய துறையைத் திட்ட வேண்டாம். 'இயற்பியலில் ஆர்வம் குறைந்துவிட்டது' என்பது பலவீனமான வரி. 'புரோகிராமிங் தாளுக்குப் பிறகு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடநூலில் மூன்று அத்தியாயங்களின் பயிற்சிகளை முடித்திருக்கிறேன். விடைகளை இணைத்துள்ளேன்' என்பது எடுபடும். இரண்டு வாரச் சோதனையை உண்மையாகச் செய்திருந்தால்தான் இந்த வரி எழுத வரும்.

புது இடம் எழுத்தில் உறுதியாகும்வரை பழைய இடத்தை ரத்து செய்யாதீர்கள். உதவித்தொகை, கல்விக் கடன் இரண்டும் பல சமயம் குறிப்பிட்ட கோர்ஸின் பெயரில்தான் தரப்பட்டிருக்கும்; மாறும் முன் தருகிறவர்களிடம் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர் என்றால் விசா நிபந்தனையைத்தான் எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டும்.

வேறு பல்கலைக்கழகத்துக்கே போகிறீர்கள் என்றால், முடித்த ஒவ்வொரு தாளின் விரிவான சிலபஸையும் வாராந்திர தலைப்புகளோடு இப்போதே தரவிறக்கி வையுங்கள். தாள் விலக்குக்கு அங்கே முதலில் கேட்பது அதைத்தான். விலகிய பிறகு மாணவர் கணக்கு மூடப்பட்டுவிட்டால், ஒவ்வொரு பக்கத்துக்கும் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் காத்திருக்க வேண்டும்.