காது போயிடுச்சுன்னு சொன்ன அம்மாவும் ஒரு காஞ்ச பிரஷ்ஷும்

"தம்பி, போன்ல ஒண்ணும் இல்லப்பா, என் காதுதான் போயிடுச்சு, பேரன்தான் ஒரு தடவ காட்டிட்டு வான்னான்", இப்படிச் சொல்லிட்டுத்தான் அந்தம்மா போனையே நீட்டுனாங்க. வால்யூம் ஃபுல்லா வச்சாலும் மக பேசுறது வாயப் பொத்திக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்காம், ஸ்பீக்கர்ல போட்டுப் பேசலாம்னா வீட்ல எல்லாருக்கும் கேக்கும், அதனால பேசுறதையே கொறச்சிட்டாங்களாம். நான் லென்ஸ் லைட்ட இழுத்து டிஸ்பிளேக்கு மேல இருக்குற அந்தக் கோடு மாதிரி ஓட்டையப் பாத்தேன். அந்த ஓட்டைய மூடியிருக்குற சன்ன வலை, அதான் மெஷ், அதுவே தெரியல, பழுப்பு கலர்ல ஒரு அடை அப்பியிருக்கு.

மொபைல் சர்வீஸ் வேலைக்கு வந்து இத்தன வருஷத்துல நான் அதிகமா பாத்த கம்ப்ளைண்ட்ல இது ஒண்ணு, ஆனா அன்னைக்குத்தான் இது மனுஷங்கள என்ன பண்ணுதுன்னு உறைச்சுது. போன் பேசும்போது அந்த ஓட்டை கன்னத்துலயும் காதுலயும் ஒட்டிக்கிட்டே இருக்கு, தோல்ல இருக்குற எண்ணெய்ப்பசை, வேர்வை, பவுடர், துணி நூல், தூசி எல்லாம் அதுல போய் சேருது, எண்ணெய்ப்பசைதான் மத்ததையெல்லாம் பிடிச்சு வைக்கிற பசை. ஒரே நாள்ல அடைச்சா நமக்குத் தெரிஞ்சிடும், இது மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா அடைக்கிறதால, போன் கெட்டுப்போச்சுன்னு தோணாது. எதிர்ல பேசுறவங்க சரியா பேசலன்னு தோணும், டவர் இல்லன்னு தோணும், வயசானவங்களுக்கு தன் காது மேலயே சந்தேகம் வரும்.

அதுக்கு காரணமும் இருக்கு. மெஷ் அடைச்சா மொத்த சத்தமும் ஒரே அளவுல கொறையாது, கூர்மையான சத்தம்தான் மொதல்ல போகும். "ஆ", "ஓ" மாதிரி உயிரெழுத்து சத்தமெல்லாம் கீழ் ஃப்ரீக்வென்சி, அது எப்படியோ வந்துடும், "ஸ" மாதிரி காத்தடிக்கிற சத்தத்தோட பலமெல்லாம் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல, அது அடையிலயே செத்துடும். அதான் "காசு"ன்னு சொன்னா "காது"ன்னு கேக்குது, பேசுறாங்கன்னு தெரியுது ஆனா என்ன பேசுறாங்கன்னு தெரியல. பழைய போன் கால்ல 300ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும், இப்போ வோல்ட்டி கால்ல, அதாவது 4ஜி நெட்வொர்க் வழியாவே போற கால்ல, 7000 வரைக்கும் வருது, அவ்ளோ தெளிவா வந்த குரல கடைசி ஒரு மில்லிமீட்டர்ல அழுக்கு தின்னுடுது. வயசாகும்போது காதும் இதே மேல் சத்தத்ததான் மொதல்ல இழக்கும், ரெண்டும் ஒண்ணு சேர்ந்தா அந்தம்மா நெனச்சதுல தப்பே இல்ல.

காஞ்ச பிரஷ், டேப், பத்து நிமிஷம், அவ்ளோதான். மகளுக்கு அங்கயே கால் போட்டாங்க, ரெண்டு வார்த்தை பேசுனதும் கைய எடுத்து வால்யூமக் கொறச்சாங்க. நான் ஒண்ணும் சொல்லல, தள்ளி நின்னேன்.

ஆரம்பத்துல நானும் இப்படிப் பாக்கல. சத்தம் கம்மின்னு வந்தா ஸ்பீக்கர மாத்து, அதான் எனக்குத் தெரிஞ்ச ரிப்பேர். எத்தன நல்ல ஸ்பீக்கரக் கழட்டிப் போட்டிருப்பேன்னு இப்போ நெனச்சாலும் வருத்தமா இருக்கு, அதுல பாதிக்கு மெஷ்ஷ சுத்தம் பண்ணியிருந்தாலே போதும்னு இப்போ தெரியுது. அதவிட மோசமா ஒண்ணும் பண்ணேன், கீழ இருக்குற ஓட்டைகள்ல ஊசிய விட்டு நோண்டுனேன். சார்ஜிங் போர்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓட்டை இருக்கும், நெறைய மாடல்ல ஒரு பக்கம் மட்டும்தான் ரிங்கர், அதாவது ரிங்டோனும் பாட்டும் வர்ற ஸ்பீக்கர், இன்னொரு பக்கம் மைக். நான் குத்துனது மைக்க. நல்லா இருந்த மைக் என் கையால போச்சு, பெஞ்ச்ல இருந்த அண்ணன் அன்னைக்கு திட்டல, அந்தப் போன என் கையில குடுத்து கஸ்டமர்கிட்ட நீயே போய்ச் சொல்லுன்னாரு. சொன்னேன். அதுக்கப்புறம் ஊசி என் டிராயர்லயே கெடையாது.

அதனால வீட்ல பண்றவங்க மொதல்ல எது அடைச்சிருக்குன்னு பாருங்க, கைய அப்புறம் வைங்க. பாட்டு நல்லா இருக்கு, கால் மட்டும் அமுங்குதுன்னா மேல இருக்குற இயர்பீஸ், கால் நல்லா இருக்கு, பாட்டும் ரிங்டோனும் அமுங்குதுன்னா கீழ இருக்குற ரிங்கர். சில போன்ல பாட்டுக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டுமே பாடும், அப்போ ஒவ்வொண்ணா விரல வச்சு லேசா மூடிப் பாத்தா எது சோர்ந்துபோய் இருக்குன்னு தெரிஞ்சிடும். எதிர்ல இருக்குறவங்கதான் உங்க குரல் சரியில்லன்னு சொன்னா அது ஸ்பீக்கரே இல்ல, மைக். கவரக் கழட்டிப் பாருங்க, டெம்பர்ட் கிளாஸ் கொஞ்சம் மேல ஏறி ஒட்டியிருந்தா இயர்பீஸ அதுவே மூடிடும், இத நான் வாரத்துக்கு ஒண்ணாவது பாக்குறேன். புளூடூத்த ஆஃப் பண்ணுங்க, கால் வால்யூமும் பாட்டு வால்யூமும் தனித்தனி, கால்ல இருக்கும்போதுதான் கால் வால்யூம ஏத்த முடியும். கரகரன்னு கிழிஞ்ச மாதிரி கேட்டா உள்ள அதிர்ந்து சத்தம் குடுக்குற சவ்வு, அதான் டயாஃப்ரம், அதுவே போயிருக்கலாம், வெளியில எவ்ளோ தேய்ச்சாலும் அது சரியாகாது. கிழியாம, ஆனா போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேட்டா, பெரும்பாலும் அடைப்புதான்.

இன்னொரு போன் கேமராவ ஜூம் பண்ணி அந்த மெஷ்ஷப் பாருங்க, கண்ணுக்குத் தெரியாதது அதுல தெரியும். போன ஆஃப் பண்ணிட்டு, ஓட்டை தரையப் பாக்குற மாதிரி கவுத்துப் பிடிச்சு, புது சாஃப்ட் பிரஷ், நல்லா காஞ்சது, அத வச்சு ஒரே பக்கமா மெதுவா தட்டுங்க, உதிர்றது கீழ விழணும், உள்ள போகக் கூடாது, அதுக்குத்தான் கவுக்கச் சொல்றேன். ஆப்பிள்காரங்களும் சுத்தமான, காஞ்ச, மெத்துன்னு இருக்குற சின்ன பிரஷ்ஷத்தான் சொல்றாங்க. அப்புறம் பேப்பர் மாதிரி இருக்குமே மாஸ்கிங் டேப், அத ஒட்டுற பக்கம் வெளிய வர மாதிரி சுருட்டி மெஷ் மேல அமுக்கி எடுங்க, ஒவ்வொரு தடவயும் புது இடத்த வச்சு. டேப்ல புள்ளி புள்ளியா அழுக்கு வரும், வரலன்னா நிறுத்திடுங்க. எண்ணெய்ப்பசை கெட்டியாயிருந்தா பிரஷ் நுனிய ஐபிஏல, அதான் ஐசோபுரோபைல் ஆல்கஹால்ல, தொட்டு துணில ஒத்தி எடுத்துட்டு, ஈரம் இருக்கா இல்லையான்னு சந்தேகப்படுற அளவுக்கு இருக்கும்போது தேய்க்கணும், சொட்டு விட்டா மெஷ்ஷுக்குப் பின்னாடி இருக்குற கம்ம இளக்கிடும், கரைஞ்ச அழுக்கும் உள்ள இறங்கிடும். நல்லா காயுற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க.

ஊசி, சிம் பின், வாயால ஊதுறது, காத்து கேன், நாலும் வேண்டாம். ஊதுனா எச்சில் ஈரம், கேன்ல அடிச்சா அழுக்கு உள்ள போகும், டயாஃப்ரமும் கிழியலாம். 165 ஹெர்ட்ஸ் மாதிரி கீழ் சத்தத்த ஓட விட்டு சுத்தம் பண்றாங்களே, அது தண்ணி போனதுக்கு, டயாஃப்ரம் அதிர்ந்து தண்ணியத் தள்ளும், காஞ்சு அப்பிப்போன அடைய அது அசைக்காது, வீணா ஃபுல் வால்யூம்ல வச்சு ஸ்பீக்கர வாட்டாதீங்க.

இரும்பு வேலை பாக்குறவங்க போன் தனி ரகம். ஸ்பீக்கர்க்குள்ள காந்தம் இருக்கு, லேத்துல, கிரைண்டர்ல பறக்குற இரும்புத்தூள் நேரா அதுல போய் ஒட்டும், லென்ஸ்ல பாத்தா மெஷ் மேல மயிர் மயிரா நிக்கும். பிரஷ் போட்டா அந்தப் பக்கம் போயிட்டு திரும்ப இந்தப் பக்கம் வந்து ஒட்டிக்கும், காந்தம் விடாது. டேப்தான் இதுக்கு வழி, பொறுமையா அம்பது தடவன்னாலும் எடுக்கணும். அந்த வேலை பாக்குறவங்க பாக்கெட்ல போடும்போது ஸ்பீக்கர் பக்கம் கீழ போற மாதிரி போடாதீங்க, பாக்கெட் அடியிலதான் தூள் எல்லாம் தங்குது.

இவ்ளோ பண்ணியும் மாறலன்னா அடைப்பு மெஷ்ஷுக்கு உள்பக்கம் இருக்கலாம், பேனலத் திறந்தாத்தான் முடியும். திறந்தா தண்ணி போகாம ஒட்டியிருக்குற சீல் போயிடும், மூடும்போது புது சீல் ஒட்டச் சொல்லிக் கேளுங்க. ஸ்பீக்கர மாத்தணும்னு சொன்னா, மெஷ்ஷ மட்டும் எடுத்துட்டு ஒரு தடவ பாட்டு போட்டுக் காட்டுங்கன்னு கேளுங்க. எங்கள மாதிரி பெஞ்ச்ல உக்காந்திருக்குறவங்களுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை, யாரும் கோவப்படக் கூடாது.