காவடிக்குப் பின்னால் நடந்தவர்கள்

பெர்த்துக்கும் லண்டனுக்கும் போய்விட்ட நம் பினாங்குப் பிள்ளைகளுக்குத் தைப்பூசம் என்றால் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையும் அதன் 513 படிகளும்தான் நினைவுக்கு வரும். காவடி எடுத்தவனை எல்லாரும் படம் பிடித்தார்கள். முக்காலியும் தண்ணீர்ப் போத்தலும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த தோழர்கள் எந்தப் படத்திலும் இல்லை.

நம் காலத்தில் யாரும் தனியாக விரதம் எடுப்பதில்லை; இரண்டு மூன்று பேராகத்தான். 48 நாள்: ஒருவேளைச் சைவச் சாப்பாடு, தரையில் படுக்கை, குடியும் சிகரெட்டும் அறவே கிடையாது. வயிற்றைக் கட்டுவது எளிது. பொய், புறணி, கெட்ட வார்த்தை, கோபம் இவற்றை விடுவதுதான் பெரும்பாடு. பசியில் முதலில் கெட்டுப்போவது வாய்தான். பக்கத்தில் இருப்பவன் "டேய், விரதம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், பாதி வசவு தொண்டையிலேயே நின்றுவிடும்.

பூசத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 31 இரவு எப்படியும் விரதத்துக்குள் விழும். அன்றைக்கு விருந்துக்குப் போய் மனத்திடத்தைக் காட்டுவது வீண் வீரம். விரதக்காரனை வீட்டில் தனியாக விடுவதும் ஆபத்து. அதனால் தோழர்கள் அவனைப் பஜனைக்குக் கூட்டிப் போய்விடுவார்கள்.

ஒருவன் தவறினால் அன்றே கேட்க வேண்டும், தனியாகக் கேட்க வேண்டும். பத்துப் பேர் முன்னால் கேட்டால் அடுத்த முறை ஒளிப்பான். ஒரு தப்பு இரண்டாகும். "பரவாயில்லை மச்சான்" என்று விட்டாலோ மறுநாளும் தொடரும். முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணச் சொல்வதும் சரிவராது. பூசத்துக்குள் கணக்கு முடியாதே, அவன் அடியோடு விட்டுவிடுவான். தலைக்குக் குளித்து, கோயிலில் விளக்கேற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான்.

பூசத்தன்று விடியுமுன்பே கிளம்பிவிட வேண்டும். உச்சிவெயிலில் தார்ச்சாலை வெறுங்காலைப் பொசுக்கும். பாற்குடத்துக்குப் புறப்படும் இடத்தில்தான் பால் ஊற்றுவார்கள். முதல் நாளே நிரப்பி வைத்தால் வரிசையில் நிற்கும்போதே திரிந்துவிடும். படியில் ஒருவன் முன்னே வழி விலக்குவான், இன்னொருவன் பின்னே இடுப்புக்கருகில் கையை வைத்திருப்பான். தலைசுற்றினால் ஒழியத் தொடமாட்டான். தண்ணீர் ஒவ்வொரு மிடறாகத்தான். மடமடவென்று குடித்தால் வாந்தி வரும்.

காவடி இறக்கியதோடு விரதம் முடிவதில்லை, மூன்றாம் நாள் இடும்பன் பூசைவரை உண்டு. காவடி இறக்கிய அன்றிரவே மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) கோழிக்கு உட்கார்ந்தவர்களும் நம்மில் உண்டு, பெயர் வேண்டாம்! மாசி பிறந்த பிறகும் "இன்னிக்கு ஊதினியா?" என்று கேட்டவர்கள் சிலர்தான். சிகரெட்டை விட்டவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய கூட்டாளிகள்.