தொங்கும் ரயிலும் ஒரு சாக்ஸபோனும்: வுப்பர்டாலில் ஒரு சனிக்கிழமை

ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் இருக்கும் கல்லூரி நண்பன் வீட்டில் நான் தங்கியதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அலுவலக வேலை வெள்ளியோடு முடிந்தது, விமானம் திங்கள்கிழமைதான். இரண்டு நாள் ரசம் சோறு கிடைக்குமே என்று போனேன். சனிக்கிழமை எங்கே போகலாம் என்று கேட்டான். கொலோன் தேவாலயம், ரைன் நதியில் படகு என்று அவனிடம் ஒரு பட்டியல் தயாராக இருந்தது. நான் வுப்பர்டால் என்றேன்.

"அங்க என்னடா இருக்கு?"

"ஒருத்தர் இருந்தார். சாக்ஸபோன் வாசிப்பார். 2023-ல இறந்துட்டார்."

"இல்லாத ஆளைப் பாக்கவா போறோம்?"

உள்ளேயிருந்து அவன் மனைவிதான் காப்பாற்றினாள். "தொங்குற ரயில் இருக்குண்ணா அங்க. அதுக்காகவாவது போயிட்டு வாங்க. இவரையும் வீட்டை விட்டுக் கிளப்பின மாதிரி இருக்கும்."

நான் சொன்ன அந்த ஒருத்தர் பீட்டர் ப்ரோட்ஸ்மான். ஃப்ரீ ஜாஸ் கேட்பவர்கள் மத்தியில் பெரிய பெயர். மற்றவர்களிடம் சொன்னால் "யாரு?" என்பார்கள். சாக்ஸபோன் என்றால் நம் ஊரில் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார், அப்புறம் கல்யாண வரவேற்பு. இது அந்தப் பக்கமே வராத சங்கதி. ராகம், தாளம், பல்லவி எல்லாவற்றையும் செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகிற சங்கீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஸ்வர வரிசையில் போவது, எத்தனை சுற்று வாசிப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது குறைவு. பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வாசிக்க வேண்டும்.

நான் முதலில் கேட்டது அவருடைய 'மெஷின் கன்'. சென்னையில் மாநகரப் பேருந்தில், காதில் ஹெட்ஃபோனோடு. மூன்று சாக்ஸபோன்கள் ஒரே நேரத்தில் குண்டு மாரி பொழிவதுபோல் தொடங்கும். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். ஏதோ ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தேன், சத்தியமாக. ஒரு வருடம் கழித்து வேறு மனநிலையில் முழுதாகக் கேட்டேன். 17 நிமிடத்துக்கு மேல் ஓடுகிற அந்தக் களேபரத்தில், முடிவை நெருங்கும்போது தெருமுனை நடனக் கூடத்தில் வாசிப்பதுபோல ஒரு குதூகலமான மெட்டு திடீரென்று தலைநீட்டும். அத்தனை பேரும் சேர்ந்து அதைத் தூக்கிப் பிடிப்பார்கள். அந்த இடத்தில் என் முதுகுத்தண்டு சிலிர்த்தது. அன்றிலிருந்துதான் இந்தப் பைத்தியம்.

சரி, ரயில். டுசல்டார்ஃபிலிருந்து ஃபோவிங்கல் வரை சாதாரண ரயில். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தொங்கு ரயிலின் ஒரு முனை. 1901-லிருந்து ஓடுகிறது. தண்டவாளம் தலைக்கு மேலே, பெட்டி அதிலிருந்து தொங்குகிறது. வுப்பர் ஆறு ஓடுவது ஒரு குறுகலான பள்ளத்தாக்கில். நெசவும் சாயப்பட்டறையுமாக ஊர் பெருத்தபோது ரயில் போடத் தரையில் இடமில்லை. மிச்சம் இருந்தது ஆற்றுக்கு மேலே உள்ள காற்றுதான். இரண்டு கரையிலும் இரும்புக் கால்களை ஊன்றி, ஆறு வளைகிற இடத்திலெல்லாம் வளைந்து, 13.3 கிலோமீட்டர் போகிறது. முதலில் கொஞ்ச தூரம் தெருவுக்கு மேலே, வீடுகளின் இரண்டாம் மாடி ஜன்னல்களை ஒட்டிப் போகிறோம். ஒரு வீட்டில் ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் சட்டென்று கீழே தண்ணீர்.

1950-ல் ஒரு சர்க்கஸ்காரர் விளம்பரத்துக்காக டுஃபி என்கிற குட்டி யானையை இந்த ரயிலில் ஏற்றினாராம். அது மிரண்டுபோய்ப் பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்துவிட்டது. சிராய்ப்போடு பிழைத்தும் கொண்டது. என் நண்பனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. கடைசி நிலையமான ஓபர்பார்மன் வரை போய்த் திரும்பும்வரை, எந்த இடத்தில் குதித்திருக்கும் என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ராபர்ட் டாவ்ம் சதுக்கத்தில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. இந்த ஊர் மழைக்குப் பேர்போனது என்று தெரிந்தும் எடுக்கவில்லை. லூயிசன் தெருவில் ஓட்டமும் நடையுமாக ஏறினோம். இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் முழுக்கக் கருஞ்சாம்பல் கல்தகடுகளை மீன் செதிள்போல அடுக்கி அடித்திருக்கிறார்கள். ஜன்னல் சட்டம் வெள்ளை, கதவுப் பலகை பச்சை. மழையில் நனைந்த தகடுகள் மினுமினுக்கும்போது வீடே ஏதோ பிராணி மாதிரி இருந்தது.

116-ஆம் எண். ஜெர்மன் மொழியில் 'இடம்' என்று பொருள்படும் 'ஓர்ட்' என்பது இதன் பெயர். பீட்டர் கோவால்ட் என்கிற டபுள் பேஸ் கலைஞர் வாழ்ந்த இடம். இப்போது அவர் பெயரில் உள்ள சங்கம் இங்கே கச்சேரி நடத்துகிறது. அன்று எதுவுமில்லை, கதவு சாத்தியிருந்தது. நாங்கள் வாசலில் மழைக்கு ஒதுங்கியதோடு சரி.

ப்ரோட்ஸ்மானுக்கு அப்போது இருபது வயதுக்குக் கொஞ்சம் மேல், கோவால்டுக்கு அதைவிட மூன்று வயது குறைவு. இரண்டு பீட்டர்களும் இதே ஊரில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். உள்ளூர் ஜாஸ்காரர்கள் இவர்களை மேடைப் பக்கமே விடவில்லை, வாசிக்கத் தெரியாதவர்கள் என்றார்கள். ஒரு விதத்தில் அது உண்மைதான். ப்ரோட்ஸ்மான் யாரிடமும் முறையாகக் கற்றவர் இல்லை. பள்ளிக்கூட நாளில் கிளாரினெட்டைத் தானே ஊதிப் பழகியவர். அமெரிக்க ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே வுப்பர்டாலுக்கு வந்து வாசித்ததை மாணவனாகக் கேட்டதுதான் அவருக்குப் பாடம்.

கோவால்டைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். உலகம் முழுக்கச் சுற்றி வாசித்தவர், 1994-ல் ஒரு முடிவெடுத்தார்: ஒரு வருடம் ஊரை விட்டு நகர்வதில்லை, காரும் கிடையாது. சைக்கிளில் போகிற தூரம்தான் உலகம். யார் வேண்டுமானாலும் இங்கே வந்து தன்னோடு வாசிக்கட்டும் என்று 365 நாள் இருந்தார். 2002-ல் நியூயார்க்கில் இறந்துபோனார். ப்ரோட்ஸ்மானோ நேர் எதிர். வாழ்நாளில் பெரும்பகுதி வீடு வுப்பர்டாலில், உடம்பு ரயிலிலும் விமானத்திலும்.

மழை விட்டதும் மோல்ட்கே தெருவுக்கு ஏறினோம். இந்த ஊரில் எங்கே போனாலும் படிக்கட்டுதான், பழனி மலை ஏறுகிற மூச்சு வேண்டும். பணக்காரர்களின் பழைய மாளிகைகள் வரிசையாக இருக்கும் சரிவு அது. அங்கேதான் பர்னாஸ் கலைக்கூடம் இருந்தது. 1963 மார்ச்சில் கொரியாவிலிருந்து வந்த கலைஞர் நாம் ஜூன் பைக் அந்த மாளிகை முழுவதையும் எடுத்துக்கொண்டு தன் முதல் தனிக் கண்காட்சியை நடத்தினார். வாசலில் வெட்டிய மாட்டுத் தலை தொங்கியது. உள்ளே கண்டதையும் கட்டித் தொங்கவிட்ட பியானோக்கள், படம் கோணிக்கொண்டு தெரியும் தொலைக்காட்சிப் பெட்டிகள். திறப்பு நாளில் யோசெஃப் பாய்ஸ் என்கிற ஜெர்மன் கலைஞர் கோடரியோடு வந்து ஒரு பியானோவைப் பிளந்தே போட்டுவிட்டார்.

அங்கே எடுபிடி வேலைக்கு இருந்த பையன்களில் ஒருவர் ப்ரோட்ஸ்மான். ஓவியமும் வடிவமைப்பும் படித்துக்கொண்டிருந்தார். 22 வயதுப் பையன் பியானோவைக் கோடரியால் பிளப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டால், அப்புறம் சாக்ஸபோனை ஒழுங்காகப் பிடித்து ஊதுவானா என்ன? விமர்சகர்கள் அவரை அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் ஐலரோடு ஒப்பிடுவார்கள், அதில் தவறில்லை. ஆனால் அவருடைய சங்கீதத்துக்கு மூலம் அமெரிக்க ஜாஸைவிட அதிகமாக இந்த மாளிகையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் உண்டு. அவர் பிறந்தது 1941-ல். அப்பாக்கள் செய்த போரைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்காத தலைமுறை. வாய் திறக்காத வீட்டில் வளர்ந்தவன் கத்தத்தான் செய்வான்.

1967-ல் முதல் இசைத்தட்டு, சாக்ஸபோனைக் கண்டுபிடித்த அடோல்ஃப் சாக்ஸுக்குக் காணிக்கையாக. கூட வாசித்தவர்கள் கோவால்டும் ஸ்வீடன்காரர் ஸ்வென்-ஓகெ யோஹான்சனும். வெளியிட எந்தக் கம்பெனியும் இல்லை, அதனால் 'ப்ரோ' என்று தன் பெயரின் முன்பாதியையே லேபிளாக வைத்துத் தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் ப்ரேமன் நகரின் 'லீலா ஒய்லெ' என்ற கிளப்பில் எட்டுப் பேரைக் கூட்டிவைத்துப் பதிந்ததுதான் 'மெஷின் கன்'. ஈவன் பார்க்கர், வில்லெம் ப்ராய்கர், ஹான் பென்னிங்க் என்று பின்னாளில் பெரிய பெயராகப்போகிற இளைஞர்கள் அதில் இருக்கிறார்கள். தலைப்பு, அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் டான் செர்ரி இவருக்கு வைத்த பட்டப்பெயர். அந்த வருடம் பெர்லின் ஜாஸ் விழாவுக்கு அழைத்தவர்கள், கறுப்பு சூட்டில் வர வேண்டும் என்றார்கள். இவர் உத்தரவாதம் தர முடியாது என்றார், அழைப்பு ரத்தானது. அதே நாட்களில் அதே பெர்லினில் நண்பர்களோடு போட்டி விழா நடத்தினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1969-ல் எஃப்.எம்.பி. என்ற இசைக்கலைஞர்களின் சொந்த லேபிள் வந்தது.

லூயிசன் தெருப் பக்கமே திரும்பி, ஒரு கடையில் சூடான செர்ரியை ஊற்றிய வாஃபிள் சாப்பிட்டோம். நண்பன் காதில் ஹெட்ஃபோனை மாட்டி விட்டேன். ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்டான்.

"பல் புடுங்குறப்ப ஊசி போட மறந்துட்டாங்க போலடா."

அப்படிச் சொன்னதில் தப்பில்லை. வேறு ஒன்றைப் போட்டேன். அவர் தாரோகாட்டோ வாசித்தது. ஹங்கேரி நாட்டு மரக்குழல், பார்க்கக் கிளாரினெட் மாதிரி இருக்கும். இப்போது உள்ளது ஒற்றை நாணலில் ஊதுவது. ஆனால் பழங்காலத்துத் தாரோகாட்டோ நம் நாகஸ்வரச் சீவாளி மாதிரி இரட்டை நாணல் கொண்டது. புதியதிலும் அந்த வெளிமுற்றத்துக் கணீர் முழுதாகப் போய்விடவில்லை. நண்பன் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். தலையை லேசாகச் சாய்த்தான். "இது பரவால்ல, சாமி புறப்பாடு மாதிரி இருக்கு" என்றான். இதைவிட நல்ல விமர்சனம் நான் எங்கும் படித்ததில்லை.

அவர் தலைமையில் வந்த இசைத்தட்டுகள் மட்டும் 50-க்கு மேல். மற்றவர்களோடு சேர்ந்தவற்றையும் கூட்டினால் நூற்றைத் தாண்டும். எல்லாவற்றையும் கேட்டேன் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சில தட்டுகளில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே கொதிநிலை, எனக்கு அலுத்துப்போகிறது. எண்பதுகளில் மின்கிட்டாரோடு சேர்ந்து இடித்த 'லாஸ்ட் எக்ஸிட்' குழு அப்படித்தான். 1997-ல் தொடங்கிய சிகாகோ டென்டெட் என்கிற குழுவில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு 15 வருடம் நடத்தினார். அதில் நல்லதும் உண்டு, இரைச்சலும் உண்டு. ஐலர் நினைவாகத் தோஷினோரி கோண்டோ, வில்லியம் பார்க்கர், ஹமீத் டிரேக்கோடு 1993-ல் செய்தது மட்டும் வேறு தரம். அதில் அழுகை இருக்கிறது.

அந்தத் தெருக்களிலேயே பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு சின்னக் கடை கண்ணில் பட்டது. அங்கே 'ஷ்வார்ட்ஸ்வால்ட்ஃபார்ட்' கிடைத்தது. 1977 மே மாதம் ப்ரோட்ஸ்மானும் பென்னிங்கும் ஒரு பதிவுக் கருவியையும் வாத்தியங்களையும் காரில் போட்டுக்கொண்டு, ஜெர்மனியின் தெற்கே உள்ள கருங்காடு என்கிற மலைக்காட்டுக்குள் போய்விட்டார்கள். ஸ்டுடியோ இல்லை, கேட்க ஆளில்லை. பென்னிங்க் மரத்தைத் தட்டுகிறார், தண்ணீரை அடிக்கிறார். இவர் கிளாரினெட்டில் பறவைக்குப் பதில் சொல்கிறார். பறவை திரும்பப் பதில் சொல்கிறதா என்று நாம் காது கொடுத்துக் காத்திருக்கிறோம். காட்டுக்குள் விளையாடப் போன இரண்டு பெரிய பையன்கள். 'மெஷின் கன்' ஆளா இது என்று இருக்கும்.

திரும்பும்போது ரெம்ஷைட் வழியாகப் போவோம் என்று அடம்பிடித்தேன். ப்ரோட்ஸ்மான் பிறந்த ஊர். ரம்பம், அரம், உளி செய்யும் ஊர். தட்டின் உறையை அவரே வரைந்து, தானே வெளியிட்டு, காசு வந்ததும் அடுத்ததைப் பதிந்து என்று அந்த மனிதர் 50 வருடத்துக்கு மேல் நடத்தியது ஒரு பட்டறைக்காரன் பிழைப்புதான். கடைசியில் நுரையீரல் ஒத்துழைக்கவில்லை. 2019-ல் தனியாக டெனர் சாக்ஸபோனில் பழைய காதல் மெட்டுகளை ஊதி ஒரு தட்டு போட்டார். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். 2023 பிப்ரவரியில் லண்டனில் வாசித்தார். ஜூன் 22 அன்று வுப்பர்டாலில் இறந்தார், வயது 82.

ரெம்ஷைட்டில் பத்து நிமிடம்தான் இருந்தோம், ரயில் வந்துவிட்டது. ஸோலிங்கன் போகும் வழியில் முங்ஸ்டன் பாலம். 107 மீட்டர் உயரம், ஜெர்மனியின் மிக உயரமான ரயில் பாலம். கீழே மரங்கள் எல்லாம் மஞ்சளும் துருநிறமுமாக இருந்தன. நண்பன் என் மடியில் இருந்த தட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"உங்கிட்ட பிளேயர் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குடா வாங்கின?"

ஈரச் சட்டையில் படாமல் தட்டைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்தேன்.