ஹார்ட்விக் மாளிகையின் சன்னல்கள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில் ஒரு குன்றின்மேல் நிற்கும் ஹார்ட்விக் மாளிகையில் அரும்பொருள் பராமரிப்புப் பணியில் இருந்தபோது, என் முதல் வேலை பெரும்பாலும் இரண்டாவது மாடியின் நீள்கூடத்தில்தான் இருக்கும். ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள அக்கூடம் கிழக்கு நோக்கியது. வெயில் ஏறுவதற்குள் சன்னல் திரைகளை இறக்கி, சுவரில் தொங்கும், சித்திரம் நெய்த திரைச்சீலைகளின்மீது விழும் வெளிச்சம் 50 லக்ஸைத் (வெளிச்சத்தின் அளவலகு) தாண்டாதபடி, ஒளிமானியைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

பெஸ் என்று அறியப்படும் ஷ்ரூஸ்பரி சீமாட்டி எலிசபெத் டால்பட் 1590இல் கட்டத் தொடங்கி 1597இல் குடியேறிய மாளிகை இது. வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது அறிஞர் கருத்து. கண்ணாடி மிகுந்த விலை விற்ற அக்காலத்தில், 'சுவரைவிடக் கண்ணாடியே அதிகம்' என்று ஊரார் சொல்லும் அளவுக்குச் சன்னல் வைத்தார்கள். ஆறு கோபுரங்களின் உச்சியிலும் பெஸ்ஸின் பெயரின் முதலெழுத்துகள் கல்லில் நிற்கின்றன.

வருவோர் வியப்பது சன்னல்களை. எனக்கோ, அவற்றைச் சாத்தியமாக்கிய உட்சுவரே இக்கட்டடத்தின் பெரிய சாதனையாகத் தோன்றுகிறது. கணப்படுப்புகளையும் புகைவழிகளையும் வெளிச்சுவரில் வைத்திருந்தால் இவ்வளவு கண்ணாடிக்கு இடமிருந்திருக்காது. அவற்றை உள்ளே நீளவாக்கில் ஓடும் தடித்த சுவரோடு சேர்த்ததால்தான் புறச்சுவர் விடுபட்டது. நீள்கூடத்தின் இரு பெரிய கணப்படுப்புகளும் சன்னல்களுக்கு எதிர்ப்புறம் இருப்பது இதனால்தான்.

அதே சுவரில்தான் விவிலிய வீரன் கிதியோனின் கதையைச் சொல்லும் 13 திரைச்சீலைகளும் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். 1592இல், அரசி முதலாம் எலிசபெத்தின் அமைச்சராயிருந்து மறைந்த கிறிஸ்டோபர் ஹாட்டனின் வாரிசிடமிருந்து பெஸ் இவற்றை வாங்கியபோது, அவற்றிலிருந்த ஹாட்டனின் குலச்சின்னத்தை மாற்றும் செலவுக்காக 5 பவுண்டு குறைத்துக்கொண்டாராம். கணக்கில் அவ்வளவு கறார். ஆனால் சன்னலுக்கு நேரெதிரே மாட்டியதால் நான்கு நூற்றாண்டு வெயிலும் நெசவின் முகத்திலேயே அடித்தது. அருகிலிருந்து பார்த்தால் கம்பளி நூல் இன்னும் தாங்கி நிற்க, முகங்களின் ஒளிப்பகுதிகளில் ஓடும் வெளிர்ப் பட்டு நூல்தான் முதலில் நொறுங்கியிருப்பது தெரியும். இவை அனைத்தையும் செப்பனிட, மாளிகையைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு 24 ஆண்டுகள் பிடித்தன. 2023இல்தான் அப்பணி முடிந்தது.

வெளிச்சத்துக்கென்றே கட்டிய வீட்டை ஏன் இருட்டாக வைத்திருக்கிறீர்கள் என்று பலர் ஆதங்கத்தோடு கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். திரையை ஏற்றினால் ஸ்மித்சன் நினைத்த கூடம் கிடைக்கும், பட்டு போய்விடும். போன பட்டைத் திரும்பப் பெற வழியில்லாததால் திரையை இறக்குவதே சரி என்று அவர்களிடம் சொல்வேன். கூடவே, மேற்கு முகப்பில் வெயில் விழும் பிற்பகலில் வெளியே நின்று, மாடிக்கு மாடி சன்னல்களின் உயரம் கூடுவதைக் கவனிக்கச் சொல்வேன். அரசியையே வரவேற்கும் தகுதியோடு அமைத்த அறைகள் உச்சியில் இருப்பதை உள்ளே நுழையாமலே அந்தச் சன்னல்களைக் கொண்டு அறிந்துவிடலாம்.