அப்பாவின் கம்ப்யூட்டர் உறைந்துபோன கதை

மூன்று வாரமாக வீட்டு கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்பா தன் ஊர் நினைவுகளை அதில்தான் தட்டச்சு செய்கிறார். இரண்டு முறை எழுதிய பக்கம் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. முதல் வேலையாக அவருடைய கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து வைத்தேன்.

தூசி தட்டினேன். கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ராமைக் கழற்றி மாட்டி, அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒரு பிழையும் இல்லை.

விண்டோஸ் தன் பிழைகளையும் நிகழ்வுகளையும் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு வரிசையாக நின்றது. அதைப் பார்த்ததும் சிலர் பவர் சப்ளையை மாற்றச் சொன்னார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கம்ப்யூட்டர் முறையாக அணையவில்லை என்பதை மட்டும்தான் 41 சொல்கிறது. பட்டனை அழுத்தி அணைத்தாலும் அதேதான் வரும். அதற்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு அங்கே 129 என்ற எண்ணுள்ள பதிவு இருந்தது. டிஸ்க் பதில் தராததால் விண்டோஸ் அதை ரீசெட் செய்திருக்கிறது.

அப்புறம் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால், சிஆர்சி பிழை எண்ணிக்கை தினமும் ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் தரவு சிதைகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிள்தான் காரணம். புதுக் கேபிள் மாட்டினேன். பழைய எண் குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் சரி.

பத்து நாளாக ஏறவில்லை. அப்பா நேற்று தன் பள்ளிக்கூடக் காலத்துக்கு வந்துவிட்டார்.