பதின்மூன்றிலிருந்து பதினேழுக்கு

அக்டோபர் 11, 2025
நவம்பர் 13-உடன் எங்கள் தரவுதள மென்பொருளான போஸ்ட்கிரஸின் 13-ஆம் பதிப்புக்கு ஆதரவு முடிகிறது. பிறகு பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. இரத்த வங்கியின் பை ஒவ்வொன்றின் எண்ணும் அதில்தான் இருக்கிறது. 17-ஆம் பதிப்புக்கு மாறவேண்டும்.

அக்டோபர் 14
இரவு பேக்கப் என்பது தரவுக் கோப்புகளை அப்படியே எடுத்த நகல். 13-இல் எடுத்ததை 17 திறக்காது. மாறிய மறுநிமிடம், இதுவரை சேர்த்த அத்தனை நகல்களுக்கும் பழைய மென்பொருள் ஒன்றே திறவுகோல். அதன் நிறுவல் கோப்புகளையும் நகல்களோடு சேர்த்தே வைக்கவேண்டும். இதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

அக்டோபர் 17
தரவை வெளியே எழுதியெடுக்கும் கருவி பிஜி_டம்ப். 17-இன் பிஜி_டம்ப் 13-ஐப் படிக்கிறது. 13-இன் கருவி 17-ஐத் தொடவே மறுக்கிறது. சரி, 13-க்குத் திரும்பி வருவதென்றால்? 17-இல் எடுத்த நகலை, அதை மீண்டும் ஏற்றும் கருவியான பழைய பிஜி_ரெஸ்டோரிடம் கொடுத்தேன். கோப்பின் தலைப்பிலேயே நின்றுவிட்டது: 1.16 வடிவம் அதற்குத் தெரியாது.

அக்டோபர் 20
தீபாவளி. எண்ணெய்க் குளியல் முடிந்ததும் பேக்கப் முடிந்ததா என்று பார்த்தேன். முடிந்திருந்தது.

அக்டோபர் 24
"லிங்க் முறையில் சில நிமிடங்களில் முடியுமாமே?" என்றார் மேலாளர். முடியும் சார். ஆனால் இரண்டு பதிப்பும் ஒரே கோப்புகளைப் பகிரும். புதியதை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதை நம்பி இயக்க முடியாது. நகலெடுக்கும் முறைக்கு இருமடங்கு இடம் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 25
இடம் இல்லையாம். புது இயந்திரமே தருகிறார்கள்!

அக்டோபர் 29
பழைய இயந்திரத்தின் இயங்குதளம் உபுண்டு 18.04; அதன் அடிப்படை நிரல் நூலகம் ஜிலிப்சி 2.27. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி 2.28-இல் மாறியது. கோப்புகளை அப்படியே புது இயந்திரத்தில் வைத்தால், தேடலுக்கு உதவும் வரிசைப் பட்டியலான இண்டெக்ஸ் பழைய வரிசையிலேயே கிடக்கும். இருக்கிற கொடையாளரை இல்லை என்று சொல்லக்கூடும். பிழைச்செய்தியும் வராது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. டம்ப் எடுத்தே ஏற்றுவோம். இண்டெக்ஸ்கள் புதிதாக உருவாகட்டும். நேரம் கூடினால் கூடட்டும்.

நவம்பர் 3
ஒத்திகை. எண்ணிக்கைகள் பொருந்தின. ஆனால் தேடல் நகரவே இல்லை: வேகமான தேடல் வழியைத் தேர்ந்தெடுக்க உதவும் புள்ளிவிவரங்கள் டம்ப்பில் வருவதில்லை. அவற்றைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்டியதும் பறந்தது.

நவம்பர் 7
எதுவரை திரும்பலாம்? புதியதில் முதல் பை பதிவாகும்வரை. அதன்பின் திரும்பினால் அந்தப் பை தொலைந்துபோகும்.
பைகளைப் பதிவுசெய்யும் அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, திங்கள்வரை நோட்டிலும் எழுதுவீர்களா?"
"எழுதுகிறோம் தம்பி. நீ சாப்பிட்டாயா?"

நவம்பர் 8, இரவு 11.40
பழையதில் எழுதுவதை நிறுத்தியாகிவிட்டது. இண்டெக்ஸ்கள் உருவாகின்றன. யாரையும் உள்ளே விடுமுன் 17-இல் முழு பேக்கப் எடுத்து, வேறோர் இயந்திரத்தில் மீட்டுப் பார்க்கவேண்டும். கொடையாளர் பட்டியல் இன்னும் ஓடுகிறது.